இறக்கி வைத்த குமிழ்கள்

பிடரி வலி அவளுக்குப் புதிதல்ல. மூட்டை தூக்குகிறவளுக்குப் பிடரி வலிக்காமல் பின்னே மூக்கா வலிக்கும் என்று கேட்கிற ரகம். ஆனால் அன்று காலை தலையை இடது பக்கம் திருப்பவே முடியவில்லை. கிடங்கு வாசலில் இடது பக்கமாக இரண்டு பேர் நின்று பேசிக்கொண்டிருந்தார்கள். அவர்களைப் பார்க்க அவள் முழு உடம்பையும் திருப்ப வேண்டியிருந்தது. ஓரக்கண்ணால் பார்த்தபடி நடந்திருந்தால் அவர்கள் பேச்சில் நாலு வார்த்தையாவது காதில் விழுந்திருக்கும். கனத்த கதவு திரும்புகிற மாதிரி அவள் திரும்பி நின்றதும் இரண்டு பேரும் பேச்சை நிறுத்திவிட்டார்கள்.

ஒருவன் அவள் கொழுந்தன், புருஷனின் ஒரே தம்பி. கூட்டங்களுக்கு மைக் செட் கட்டுவது அவன் பிழைப்பு. இன்னொருவர் தலைவர். கிடங்குத் தொழிலாளர் சங்கத்துக்குப் பல வருஷமாக அவர்தான் தலைவர். இந்தத் தடவை தேர்தலில் அவரை எதிர்த்து நிற்பது அவள்.

"என்னம்மா நெட்டை, தலகாணிக்குப் பதிலா மூட்டையை வெச்சுப் படுத்தியா?" என்றார் தலைவர். அவள் உயரத்துக்குக் கிடங்கு வைத்த பெயர் அது. ஊதிய அட்டையில் மட்டும்தான் வேறு பெயர்.

"கிடங்கு மூட்டையை வீட்டுக்குக் கொண்டு போறது உங்க ஆளுங்க பழக்கம் தலைவரே. எனக்கு வராது."

தலைவர் சிரித்தார். கொழுந்தன் சிரிக்கவில்லை. செருப்பு நுனியால் தரையில் இல்லாத எதையோ தேய்த்துக்கொண்டிருந்தான். அவள் அதை மனதில் முடிந்துகொண்டு உள்ளே போனாள்.

அவளுக்குத் தலைவர் நாற்காலி மேல் ஆசை கிடையாது. யார் எந்த வேலைக்குப் போவது என்று தினமும் பிரித்துவிடும் அதிகாரம் தலைவர் கையில் இருந்தது. அது மட்டும்தான் அவளுக்கு வேண்டும். கிடங்கின் பின்புறம் ஜன்னல் இல்லாத ஓர் அறை உண்டு. கிழிந்து வருகிற மாவு மூட்டைகளை அங்கே கொட்டி, சலித்து, புதுச் சாக்கில் கட்ட வேண்டும். தூசி அறை என்று பெயர். தலைவர் காலத்தில் அந்த அறைக்குள் ஒரு ஆம்பிளைகூடப் போனதில்லை. பெண்கள்தான் போனார்கள், வெள்ளை வெளேர் என்று வெளியே வந்தார்கள், வாய்க்கால் ஓரமாக உட்கார்ந்து இருமினார்கள். அவளுக்குப் பக்கத்தில் நின்று மாவு சலித்தவள் ஒருத்தி போன மழைக்காலத்தில் மூச்சு வாங்க முடியாமல் வேலையை விட்டே போய்விட்டாள். எல்லாரும் முறை வைத்துப் போக வேண்டும் என்பது அவள் கேட்பது. அதற்கு ஆம்பிளைகளின் ஓட்டும் வேண்டும். ஓட்டு வேண்டுமானால் அவர்கள் காதில் அவள் பேச்சு விழ வேண்டும்.

விழவில்லை. போன வாரம் சாப்பாட்டுக் கூடத்தில் முதல் கூட்டம் நடந்தது. தலைவர் பேசினார், குரல் கிணற்றுக்குள்ளிருந்து வருகிற மாதிரி கனமாக, உருண்டு வந்து ஒவ்வொருவன் மடியிலும் உட்கார்ந்தது. அடுத்து அவள் பேசினாள். அதே மைக், அதே பெட்டிகள். தகர டப்பாவுக்குள் வண்டு மாட்டிக்கொண்ட மாதிரி ஒரு சத்தம் வந்தது. முன்வரிசையில் இருந்தவன் முகத்தைச் சுளித்துக்கொண்டு காதைத் தேய்த்தான். பின்னாலிருந்து எவனோ, "பூனை மாட்டிக்கிச்சு, கதவைத் திறந்து விடுங்கப்பா" என்றான். கூடமே சிரித்தது. அதற்கப்புறம் அவள் என்ன பேசினாள் என்பது அவளுக்கே நினைவில்லை.

"உனக்கு விஷயமே தெரியாதா?" என்றாள் வெடி. தூசி அறையில் அவளுடன் வேலை செய்கிறவள்; சிரித்தால் வெடி போடுகிற மாதிரி இருக்கும் என்பதால் அந்தப் பெயர். அன்று அவள் சிரிக்கவில்லை. முகத்தில் கட்டியிருந்த துணியைக் கீழே இழுத்துவிட்டுக்கொண்டு கிட்டே வந்தாள். "அந்த மைக் செட்டுல ஈக்வலைசர்னு ஒரு பொட்டி இருக்காம். அதுல வரிசையா குமிழ் இருக்கும். அதை ஏத்தி இறக்கினா குரலே மாறிடுமாம். உன் கொழுந்தன் நெனச்சா கழுதை குரலைக் குயில் குரலாக்கலாம். குயிலைக் கழுதையாக்கலாம்."

"நான் குயிலா?"

"நீ கழுதைதான். ஆனா அன்னிக்குக் கேட்டது கழுதை சத்தம்கூட இல்லயே."

சலித்துக்கொண்டிருந்த சல்லடை அவள் கையில் நின்றது. கொழுந்தனுக்கு அவள் மேல் வஞ்சம் இருக்க நியாயம் உண்டு. அவன் முன்பு அவர்கள் வீட்டில்தான் இருந்தான். இருப்பதே ஒரே அறை. அதில் பாதியை அவனுடைய ஸ்பீக்கர் பெட்டிகள் பிடித்துக்கொண்டன. ராத்திரி எழுந்தால் கால் விரலில் இடிக்கும், பகலில் துணி காயப்போட இடமில்லை. ஒரு நாள் பொறுக்க மாட்டாமல், "இந்த வீட்டுல பொட்டி இருக்கணும், இல்ல நான் இருக்கணும்" என்றாள். அவன் எதிர்த்து ஒரு வார்த்தை பேசவில்லை. அன்றே வண்டி பிடித்துப் பெட்டிகளை ஏற்றிக்கொண்டு போய்விட்டான். திட்டிவிட்டுப் போயிருந்தால் அவளுக்கு நிம்மதியாக இருந்திருக்கும். பேசாமல் போகிறவன் மனதில் என்ன வைத்துக்கொண்டு போகிறான் என்று யாருக்குத் தெரியும்.

சாயங்காலம் புருஷனிடம் சொன்னாள். அவன் அவள் பிடரிக்கு எண்ணெய் தேய்த்துவிட்டுக்கொண்டிருந்தான்.

"அவன் என் தம்பி" என்றான்.

"உங்க தம்பிங்கறது எனக்குத் தெரியாதா? தலைவர்கூட வாசல்ல நின்னு என்ன பேசினான்னு கேட்டுச் சொல்லுங்க."

"ஏன், நீ கேக்க மாட்டியா? வாய் வாடகைக்குப் போயிருக்கா?"

"நான் கேட்டா சொல்ல மாட்டான்."

"அவன் சின்ன வயசுலேர்ந்தே அப்படித்தான். பல்லு வலிச்சாக்கூடச் சொல்ல மாட்டான். கன்னம் வீங்கினப்புறம் நாமளாப் பாத்துத் தெரிஞ்சுக்கணும்." எண்ணெய்க் கையைத் தன் முழங்காலில் துடைத்துக்கொண்டு படுத்துவிட்டான். அவன் வரைக்கும் விஷயம் முடிந்தது.

மறுநாள் அவளே கேட்டாள். கொழுந்தன் சாப்பாட்டுக் கூடத்தில் ஏணி மேல் நின்று ஸ்பீக்கரைச் சுவரிலிருந்து தள்ளிக் கட்டிக்கொண்டிருந்தான்.

"தலைவர்கூட என்ன தம்பி பேச்சு?"

"ஒண்ணுமில்ல அண்ணி. சும்மா."

"சும்மாவா அவ்வளவு நேரம்?"

"கூட்டத்தப்ப பாத்துக்கலாம் அண்ணி. நான் பாத்துக்கறேன்." கம்பியை வாயில் கவ்விக்கொண்டான். அதற்கு மேல் பேச முடியாத மாதிரி வேண்டுமென்றே கவ்விக்கொண்டதாக அவளுக்குப் பட்டது.

ஓட்டுப் போடும் நாள் வந்தது. மத்தியானத்துக்கு மேல் கூட்டம். இரண்டு பேரும் பேசியதும் அங்கேயே சீட்டுப் போட வேண்டும். காலையில் கொழுந்தன் அவளைக் கூப்பிட்டு அனுப்பினான். "மைக்ல ரெண்டு வார்த்தை பேசுங்க அண்ணி. சும்மா எதையாவது."

"என்ன பேசறது?"

"கூட்டத்துல என்ன பேசுவீங்களோ அது. அதே சத்தத்துல."

காலிக் கூடத்தில் நின்று பேசுவது சுவரிடம் கல்யாணம் பேசுகிற மாதிரி இருந்தது. "தொழிலாளத் தோழர்களே" என்று ஆரம்பித்தாள். உடனே கூவல் ஒன்று கிளம்பிக் காதைத் துளைத்தது. அவன் குனிந்து கறுப்புப் பெட்டியில் ஒரு குமிழைக் கீழே இறக்கினான். அப்போதுதான் அவள் அந்தப் பெட்டியை நேராகப் பார்த்தாள். சீப்பின் பல் மாதிரி நெருக்கமான கோடுகள். ஒவ்வொரு கோட்டிலும் மேலும் கீழும் நகரும் ஒரு சின்னக் குமிழ். நடுவில் ஒரு வெள்ளைக் கோடு.

"பேசுங்க அண்ணி."

பேசினாள். இன்னொன்றை இறக்கினான். தூசி அறை என்று சொன்னாள், மூன்றாவதை இறக்கினான். குரலை உயர்த்தினாள், அதற்கும் ஒன்றை இறக்கினான். வாயைத் திறக்கத் திறக்க அவன் இறக்கிக்கொண்டே போனான். மேடையில் நின்றவளுக்குத் தன் குரல் போர்வைக்குள் படுத்துக்கொண்டு பேசுகிற மாதிரிக் கேட்டது.

"ஏன் எல்லாத்தையும் இறக்கறே?"

"இறக்கினாத்தான் அண்ணி ஏறும்."

கிண்டல் பண்ணுகிறான் என்று நினைத்தாள். முகத்தைப் பார்த்தாள். அதில் எதுவும் எழுதியிருக்கவில்லை.

அவள் இறங்கி வாசலுக்கு வரும்போது தலைவர் உள்ளே போனார். "எனக்கும் ஒரு தடவை பாத்துருப்பா" என்று மைக்கில் தொண்டையைச் செருமினார். அவள் வாசலிலேயே நின்று கவனித்தாள். குரல் முன்பு மாதிரியே கனமாக, கூடம் முழுக்க நிறைந்து வந்தது. கொழுந்தனின் கை மடியிலேயே இருந்தது. ஒரு குமிழைக்கூடத் தொடவில்லை. தலைவர் இறங்கும்போது அவன் தோளில் ஒரு தட்டுத் தட்டிவிட்டுப் போனார்.

அந்தத் தட்டோடு அவள் கணக்கு முடிந்துவிட்டது. தன் குரலை மட்டும் அமுக்கி வைத்திருக்கிறான். அவர் குரலுக்கு எதையும் தொட வேண்டியதில்லை, பெட்டியையே அவருக்குத் தோதாகத்தான் வைத்திருக்கிறான். வெடியிடம் சொல்லவில்லை. சொன்னால் கூட்டத்துக்கு முன்பே கூடம் இரண்டாகிவிடும். தூசி அறையில் அவள் அன்று சலித்த மாவில் கட்டியெல்லாம் அப்படியே கிடந்தது. கை மட்டும்தான் அங்கே இருந்தது.

சாப்பாட்டு நேரத்தில் கூடத்தில் நாற்காலி போட்டிருந்ததால் எல்லாரும் வெளியே மர நிழலில் உட்கார்ந்து சாப்பிட்டார்கள். கொழுந்தன் வயர் வாங்கக் கடைத்தெருப் பக்கம் போனதை அவள் பார்த்தாள். முகத்துணியைக்கூட அவிழ்க்கவில்லை. பக்கவாட்டுக் கதவு வழியாக உள்ளே போய்ப் பெட்டிக்கு முன்னால் குனிந்தாள். குமிழ்கள் வரிசையாக, குண்டும் குழியுமான சாலை மாதிரி இருந்தன. ஒன்றுகூட வெள்ளைக் கோட்டுக்கு மேலே இல்லை. நாலைந்து குமிழ்கள் அடிவரைக்கும் இறங்கிக் கிடந்தன. இதெல்லாம் தன் குரல்தான் என்று அவளுக்கு நிச்சயமாகத் தெரிந்தது. கழுத்தைப் பிடித்து முழங்காலுக்குக் கீழே இறக்கி வைத்திருக்கிறான்.

ஒவ்வொன்றாக விரலால் தள்ளி மேலே ஏற்றினாள். எவ்வளவு மேலே போகுமோ அவ்வளவு. ஒரே வரிசையாக நின்றபோது பார்க்க ஒழுங்காக இருந்தது. யாரும் பார்ப்பதற்குள் வெளியே வந்து, சாப்பாட்டுப் பாத்திரத்தைத் திறந்து, பசியோடு சாப்பிட்டாள்.

கூட்டம் ஆரம்பித்தது. முதலில் பேச வேண்டியது தலைவர். மைக்கை எப்போதும்போல ஒரு கையால் பிடித்து, மறு கையை முதுகுக்குப் பின்னால் வைத்துக்கொண்டார். "அன்பான" என்றார்.

அதற்கு மேல் அவர் வாய் அசைந்தது மட்டும்தான் தெரிந்தது. இரும்பை இரும்பால் அறுக்கிற மாதிரி ஒரு கூவல் நாலு சுவரிலும் மோதித் திரும்பியது. எல்லாரும் காதைப் பொத்திக்கொண்டார்கள். தட்டுகள் அடுக்கியிருந்த அலமாரி நடுங்கியது. கொழுந்தன் நாற்காலியைத் தள்ளிவிட்டுப் பெட்டிக்கு ஓடினான். அதைப் பார்த்து ஒரு கணம் நின்றான். முதலில் மொத்தச் சத்தத்தையும் அணைத்தான். அப்புறம் சட்டைக் கையால் பெட்டியின் முகத்தை ஒரு இழுப்பு இழுத்துத் துடைத்தான். பிறகு, கண்ணை மூடிக்கொண்டு தட்டச்சு அடிக்கிறவன் மாதிரி, குமிழ்களை ஒவ்வொன்றாக இறக்கத் தொடங்கினான்.

"சொந்தக்காரன் வேலையைக் காட்டிட்டான்யா" என்று தலைவரின் ஆள் ஒருவன் எழுந்தான். "அண்ணிக்கு ஓட்டு வாங்கித் தர்றான்."

"நான் அப்பவே சொன்னேன், வெளியாளை வெச்சு மைக் கட்டுங்கன்னு" என்றான் இன்னொருவன். அவன் அப்போது எதுவும் சொல்லவில்லை என்பது எல்லாருக்கும் தெரியும்.

சத்தம் திரும்ப வந்தது, தெளிவாகவே வந்தது. ஆனால் தலைவருக்குப் பேச்சு அறுந்துவிட்டது. என்ன செய்தேன், என்ன செய்யப்போகிறேன் என்று சொல்ல வேண்டிய நேரமெல்லாம் மைக்காரனைத் திட்டுவதில் போனது. "குடும்பமே சேந்து சதி பண்ணுது" என்றார். கூடத்தில் பாதிப் பேர் தலையாட்டினார்கள். மீதிப் பேருக்கு அலுத்துப்போயிற்று. கொழுந்தன் தலை நிமிரவே இல்லை.

அவள் முறை வந்தது. மேடையில் ஏறினாள். மறுபடியும் வண்டுச் சத்தம்தான் வரப்போகிறது, வந்தால் தன் கையால்தான் வந்தது என்று நினைத்துக்கொண்டு வாயைத் திறந்தாள். அவள் காதுக்குக் காலையில் கேட்ட அதே போர்வைச் சத்தம்தான் கேட்டது. ஆனால் எதிரே உட்கார்ந்திருந்த முகங்கள் வேறு மாதிரி இருந்தன. போன தடவை காதைத் தேய்த்தவன் இந்தத் தடவை கையைக் கட்டிக்கொண்டு பார்த்துக்கொண்டிருந்தான். கடைசி வரிசையில் பேசிக்கொண்டிருந்தவர்கள் பேச்சை நிறுத்தினார்கள். அவள் குரலைக் குறைத்தாள். அப்போதும் கடைசி வரிசைக்குக் கேட்டது. வாய்க்கால் ஓரம் உட்கார்ந்து இருமியவளைப் பற்றிச் சொன்னபோது ஒருவனும் இருமவில்லை. ஒலிபெருக்கிக்குப் பின்னால் நிற்கிறவளுக்கு அதன் முன்னால் என்ன கேட்கிறது என்பது தெரியவே தெரியாது என்று அப்போது அவளுக்கு உறைத்தது. காலையில் தலைவர் குரலை வாசலில் நின்று கேட்டாள். தன் குரலை மேடையில் நின்று கேட்டாள். இரண்டையும் ஒரே தராசில் வைத்துவிட்டாள்.

சீட்டு எண்ணினார்கள். கொஞ்ச வித்தியாசத்தில் ஜெயித்தாள். வெடி தூண் அதிர்கிற மாதிரி சிரித்தாள். புருஷன் தூரத்தில் நின்று, கை தட்டலாமா கூடாதா என்று தெரியாமல் இரண்டு உள்ளங்கையையும் ஒட்ட வைத்துக்கொண்டிருந்தான்.

கூடம் காலியானதும் கொழுந்தன் வயரை முழங்கையில் சுற்றிக்கொண்டிருந்தான். அவள் கிட்டே போனாள். அவன்தான் முதலில் பேசினான், வயரைப் பார்த்தபடி.

"கீழ இறக்கறது குரலை அமுக்கறதுக்கில்ல அண்ணி. எந்த இடத்துல கூவுதோ அந்த இடத்தை மட்டும் கிள்ளி எடுக்கறது. கிள்ளி எடுத்தப்புறம் மீதியைத் தைரியமா சத்தமா வைக்கலாம்."

"அப்ப முதல் கூட்டத்துல?"

"அது என் தப்பு. நான் எப்பவும் என் குரல்லதான் பேசிப் பாத்து செட் பண்ணுவேன். இந்தக் கூடத்துல இதுவரைக்கும் பொம்பளைங்க யாரும் மைக் புடிச்சதில்ல. எனக்குத் தோணவே இல்ல."

"தலைவர் என்ன சொன்னாரு வாசல்ல?"

"உங்க குரலைக் கொஞ்சம் கவனிச்சுக்கச் சொன்னாரு."

"நீ?"

"சரின்னும் சொல்லல, மாட்டேன்னும் சொல்லல."

"என்கிட்டயாவது சொல்லியிருக்கலாம்ல?"

"சொல்லியிருந்தா நீங்க வாசல்லயே அவர் சட்டையப் புடிச்சிருப்பீங்க. எனக்கு இந்த ஹால் போயிருக்கும். மாசா மாசம் நிலையா வர்ற வேலை எனக்கு இது ஒண்ணுதான்." வயரைப் பைக்குள் திணித்தான். அப்புறம், சத்தமே இல்லாமல் சொன்னான்: "குமிழ் மேலெல்லாம் மாவுத் தூசி இருந்துச்சு. துடைச்சுட்டேன்."

அவள் தன் விரல்களைப் பார்க்காமல் இருக்கப் பார்த்தாள். "தம்பி" என்று ஆரம்பித்தாள். அதற்குள் அவன் ஸ்பீக்கரைத் தூக்கித் தோளில் வைத்துக்கொண்டு வாசலுக்குப் போய்விட்டான்.

மறுநாள் சங்க அறையில் முதல் கூட்டம். பழைய தலைவரும் வந்திருந்தார். ராத்திரி தூங்காதவர் முகம், ஆனால் பேச்சு நிதானமாக இருந்தது.

"தேர்தல் செல்லாதுன்னு நான் எழுதிக் கொடுக்கலாம். கொடுக்க வேணாம்னு பாக்கறேன். அந்த மைக்காரன் இனிமே நம்ம ஹால்ல கால் வைக்கக் கூடாது. அதுக்கு நீயும் கை தூக்கிட்டா, இந்தச் சதில உனக்குப் பங்கில்லைன்னு நான் எல்லார் முன்னாலயும் சொல்றேன். என்னம்மா சொல்றே?"

எல்லாரும் அவளைப் பார்த்தார்கள். நான்தான் என்ற வார்த்தை வாயில் வந்து நின்றது. அதைச் சொன்னால் சீட்டுகள் திரும்பப் போட வேண்டும். திரும்பப் போட்டால் அவளுக்கு ஒரு ஓட்டும் விழாது. வெடியும் மற்ற பெண்களும் கதவுக்கு வெளியே, முகத்தில் துணி கட்டிக்கொண்டு, இன்று யார் தூசி அறைக்குப் போக வேண்டும் என்று அவள் சொல்வதற்காகக் காத்துக்கொண்டிருந்தார்கள்.

அவள் கையைத் தூக்கினாள். மற்றவர்களும் தூக்கினார்கள்.

அன்று தூசி அறைக்கு ஆம்பிளைகள் போனார்கள். முனகிக்கொண்டு போனார்கள், வெள்ளையாக வெளியே வந்தார்கள், வாய்க்கால் ஓரம் உட்கார்ந்து இருமினார்கள். அடுத்த நாளே ஒருவன் வந்து, அந்தச் சுவரில் ஜன்னல் உடைக்கச் சொல்லி நிர்வாகத்திடம் கேட்கலாமா என்றான். கேட்கலாம் என்றாள். அடுத்த மாசக் கூட்டத்துக்கு வேறு ஒரு மைக்காரன் வந்தான். அவனைப் பெட்டிக்கு முன்னால் உட்கார வைத்து, "முதல்ல பொம்பளைக் குரல்ல பேசிப் பாத்துட்டு அப்புறம் செட் பண்ணு" என்று அவளே சொன்னாள். உங்களுக்கு எப்படிம்மா இதெல்லாம் தெரியும் என்று அவன் கேட்டான். அவள் மைக்கைக் கையில் எடுத்துத் தட்டிப் பார்த்தாள்.

கொழுந்தன் வீட்டுக்கு வருகிறான், போகிறான். அண்ணனிடம் பேசுகிறான். அண்ணி என்று கூப்பிட்டுத் தண்ணீர் கேட்கிறான். அந்தக் கூடத்தைப் பற்றி ஒரு வார்த்தை பேசுவதில்லை. அவன் பெட்டிகள் கல்யாண மண்டபத்துக்கும் கடைத் திறப்புக்குமாக எப்போதாவது வெளியே போகின்றன. மற்ற நாளெல்லாம் வாடகை அறையில் அடுக்கிக் கிடக்கின்றன.

அவனுக்கு அவள் தர வேண்டியது பாக்கி இருக்கிறது. அதே கூடத்தில், அதே ஆட்களுக்கு முன்னால், ஈக்வலைசரில் கை வைத்தது நான்தான், அவன் இல்லை என்று ஒரு சொல். இன்னும் தரவில்லை.